உடலைக் கேட்டவர்

வீரம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே நம் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் படைக்கலம் ஏந்திய ஓர் உருவமே. புறத்திணை மரபிலே தோய்ந்த தமிழ் மாணவர்க்கு இஃது இயல்பு. விவிலியத்தைப் படிப்போரும் இதற்கு விலக்கானவரல்லர். துணிவைப்பற்றிப் பேசவெழும் மறையுரையாளர் முதலில் நாடுவது தாவீதையும் கோலியாத்தையுமே. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் மாணவர்க்கென நடத்தப்படும் வழிபாடுகளிலே கோலியாத்து சிலவேளை இணைந்த கணிதமாகவும் சிலவேளை பௌதிகவியலாகவும் உருமாறுவதை நான் கேட்டிருக்கிறேன். தாவீது ஓடையிலே பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களும் விடாமுயற்சி, நேரந்தவறாமை முதலிய ஐந்து நற்பழக்கங்களாகிவிடும். கலைப்பிரிவு மாணவனாகிய எனக்கென்று ஒரு கோலியாத்து ஒதுக்கப்பட்டதாக நினைவில்லை.

இத்தகைய விளக்கங்களை எள்ளிநகையாடுவது என் நோக்கமன்று. அவற்றாற் சோர்வு நீங்கிய மாணவர் உளர். ஆயினும் அவற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கதையின் முடிவைத் தெரிந்துகொண்டே நாம் அதனைக் கேட்கிறோம். இராட்சதன் விழப்போகிறான் என்பது நமக்கு முன்பே தெரியும். வெற்றி உறுதியென்று அறிந்தபின் களத்தில் இறங்குவோனுக்கு வேண்டியது கைத்திறனேயன்றித் துணிவு அன்று. நம் அன்றாட வாழ்விலோ துணிவு தேவைப்படும் இடங்களிற் பல, வெற்றி வாய்ப்பு அற்ற இடங்களாகவே உள்ளன. சிலவேளை, காரியம் முற்றாகக் கைகடந்து போனபின்னரே நமக்குத் துணிவு வருகின்றது. அவ்வாறு காலந்தாழ்ந்து வரும் துணிவுக்கு அறவாழ்விலே இடமுண்டா என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா. இதற்குத் தாவீதைவிட அரிமத்தியா ஊர் யோசேப்பு என்பவரே எனக்குத் துணையாவார்.

அவர் எனக்கு அறிமுகமான விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் எங்கள் பங்கிலே ஒரு தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் மேடையேறிற்று. பேதுரு வேடத்துக்கு வாள் உண்டு. பிலாத்து வேடத்துக்குப் பட்டுச் சால்வையும் கைகழுவத் தட்டமும் உண்டு. பன்னிரண்டு வயதினனாகிய நான் இவ்விரண்டில் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். கிடைத்ததோ யோசேப்பு. வசனம் ஒன்றே, உடலைத் தருமாறு கேட்கவேண்டும். ஒத்திகையிலே அவ்வசனத்தை நான் முழங்கினேன். நாடகம் பழக்கிய முதியவர் என்னை நிறுத்தி, "தம்பி, நீ சண்டைக்குப் போகேல்லை. கேட்கப் போறாய். கேட்டுப்போட்டுப் பேசாமல் நில்" என்றார். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பது முழங்குவதினும் கடினம் என்பதை மேடையிலே உணர்ந்தேன். கால்கள் நடுங்கின. அதனை நடிப்பென்று கருதிச் சிலர் பாராட்டினர்.

இவ்விதழைப் படிப்போரிற் பெரும்பாலோர் கிறித்தவரல்லர்; ஆதலிற் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் முறையாகும். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர் வேறு, இவர் வேறு. இவர் செல்வர், யூதரின் தலைமைச் சங்கத்தில் உறுப்பினர். இயேசுவைக் குற்றவாளியென்று கண்டதும் அதே சங்கம்தான். அம்முடிவுக்கு இவர் உடன்படவில்லை என்கிறார் லூக்கா. இவர் இயேசுவின் சீடரே, ஆயின் அச்சத்தினால் அதனை மறைத்து வாழ்ந்தவர் என்கிறார் யோவான். இயேசு சிலுவையிலே இறந்த அன்று மாலை, ஓய்வுநாள் தொடங்குமுன்னர், உரோம ஆளுநனாகிய பிலாத்துவிடம் சென்று இவர் உடலைக் கேட்டார். இத்துணை விரைவில் இறந்துவிட்டானா என்று பிலாத்து வியந்து, நூற்றுவர் தலைவனை அழைத்து உறுதிசெய்துகொண்டு, உடலைக் கொடுத்தான். யோசேப்பு துணி வாங்கி உடலைச் சுற்றி, பாறையிலே தமக்கெனக் குடைந்து வைத்திருந்த புதுக் கல்லறையில் அடக்கஞ்செய்தார். நற்செய்தி நூல்கள் நான்கும் இதனைக் கூறுகின்றன. அதன்பின் அவரைப்பற்றி விவிலியத்தில் ஒரு சொல்லேனும் இல்லை.

மாற்கு மாத்திரம் இங்கே ஒரு சொல்லைக் கூட்டியுள்ளார். யோசேப்பு 'துணிந்து' உட்சென்றார் என்கிறார் அவர். மூல மொழியிலே அதே வினையை அவர் ஆளும் மற்றோர் இடம் எதிர்மறையானது. இயேசுவிடம் மேலும் வினாவ எவரும் துணியவில்லை என்னுமிடம் அது. கடல் கொந்தளித்ததும் பேய்கள் அலறியதும் நிறைந்த ஒரு நூலிலே, உடன்பாட்டில் இச்சொல்லைப் பெறுபவர் பிணத்தைக் கேட்டுச் சென்ற ஒரு முதியவர் மட்டுமே. (அவர் முதியவர் என்று நூல் கூறவில்லை. எங்கள் நாடகத்தில் எனக்கு வெண்தாடி ஒட்டியமையால் அவ்வாறே என் மனத்திற் பதிந்துவிட்டார்.)

இதில் அஞ்சுவதற்கு என்ன இருந்தது என்று வினவலாம். சிலுவைச்சாவு உரோம ஆட்சியிலே கலகஞ்செய்தோர்க்கும் அடிமைகட்கும் விதிக்கப்பட்ட சாவு. இயேசுவின் தலைக்கு மேல் எழுதித் தொங்கவிடப்பட்டதும் அரசன் என்னும் பட்டமே. அதாவது இராசத் துரோகம். அவ்வாறு இறந்தவனுடைய உடலைக் கேட்பவன், அவனுக்கும் தனக்கும் ஏதோ தொடர்புண்டென்று ஆளுநனின் முன்னிலையில் வாய்திறந்து ஒப்புக்கொள்கிறான். சிலுவையில் இறந்தோரின் உடல்கள் பறவைக்கும் நாய்க்கும் விடப்படுவது வழக்கமாயிருந்தது; உறவினர்க்குக் கொடுக்கப்பட்டதும் உண்டு. 1968 இல் எருசலேம் நகரின் வடபுறத்தே கண்டெடுக்கப்பட்ட எலும்புப் பேழையொன்றிலே, குதிகால் எலும்பில் ஆணி தைத்தபடியே ஒரு மனிதனின் எச்சங்கள் கிடைத்தன. யாரோ அவ்வுடலைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள் என்பதற்கு அவ்வாணி சான்று. யோசேப்போ உறவினரல்லர். உறவினர் கேட்டால் அது பாசம். பிறர் கேட்டால் அது நிலைப்பாடு.

மற்றொன்றும் உண்டு. மரணவீட்டுத் துடக்கு இன்னதென்று நம் ஊரவர்க்கு விளக்கவேண்டியதில்லை. மோசேயின் சட்டப்படி பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுடையவர். பாஸ்காப் பெருவிழா வாயிலில் வந்து நிற்கும் வேளையிலே, ஊரறிந்த பெரியவர் ஒருவர் அத்தீட்டைத் தாமே வலிந்து ஏற்றுக்கொள்கிறார்.

இதற்கு முந்தைய இரவை இத்துடன் ஒப்பிட்டு நோக்குவோம். தோட்டத்திலே இயேசுவைப் பிடிக்கக் காவலர் வந்தபோது பேதுரு வாளையுருவி ஒருவனுடைய காதை வெட்டினார். காண்போர்க்கு அது வீரமே. ஆயின் சேவல் கூவுமுன்னரே, நெருப்பண்டையிற் குளிர்காய்ந்துகொண்டிருந்த அதே பேதுரு, ஒரு பணிப்பெண் கேட்ட சிறு கேள்விக்கு, அவரை எனக்குத் தெரியாது என்று கூறிவிட்டார். அரிசுத்தாத்தில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியிலே, துணிவு போலத் தோன்றித் துணிவல்லாதன சிலவற்றை எடுத்துரைக்கும்போது, நன்னம்பிக்கையாற் பிறக்கும் ஊக்கத்தையும் அவற்றுடன் சேர்க்கிறார். வெல்வோம் என்னும் எண்ணத்தினாற் போரிடுவோர், நிலைமை மாறியதும் ஓடிவிடுவர் என்பது அவர் கருத்து. பேதுருவின் வாள் அவ்வகையினது. அக்குவினாசு தோமையாரோ இன்னும் ஒரு படி சென்று, துணிவின் தலையாய செயல் தாக்குதலன்று, தாங்கிநிற்றலே என்றார். நம் வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திலே அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையைப் பேதைமை என்கிறார். யோசேப்பு அஞ்சியவரே. அச்சம் போனபின் அவர் பிலாத்துவிடம் சென்றாரென்று நூல் கூறவில்லை.

உடலையும் நீதியையும் கேட்டு வாயிலில் நின்றோர் நம் மரபிலும் உளர். கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்திலே வழக்குரை பாடப்படுவதைக் கேட்டோர், பாண்டியன் அவையிலே சிலம்பேந்தி நின்றவளை மறத்தல் அரிது. அவள் கேட்டது நீதி. அது மறுக்கப்பட்ட நகரம் எரிந்தது. அரிச்சந்திர மயான காண்டத்திலே சந்திரமதி கேட்டதோ அதைவிடச் சிறிது. மகனின் உடலைச் சுடுவதற்கு ஓர் இடம். யோசேப்பு கண்ணகியைப் போல வழக்குரைக்கவில்லை; தீர்ப்புத் தவறென்று பிலாத்துவிடம் ஒரு சொல்லும் சொன்னதாக இல்லை. சந்திரமதியைப் போல, இறந்தவருக்குரிய இறுதிக் கடனை மாத்திரமே கேட்டார். இது குறைவான துணிவு என்று எண்ணுவோர் உளர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினேன்.

அவர்மீது சாட்டக்கூடிய பெரிய குற்றமும் இதனோடு தொடர்புடையதே. சங்கம் கூடியபோது அவர் எங்கே இருந்தார்? உடன்படவில்லை என்பது சரி. எழுந்து எதிர்த்துப் பேசினாரா? லூக்கா அதனைச் சொல்லவில்லை. பேசவேண்டிய வேளையிலே மௌனமாய் இருந்துவிட்டு, பேசிப் பயனில்லாத வேளையிலே கல்லறை கொடுப்பது மனச்சாட்சிக்குச் செலுத்தும் தண்டப்பணம் அன்றி வேறென்ன? உயிரோடிருந்தவருக்கு ஒரு வாக்குத் தராதவர், பிணத்துக்கு ஒரு பாறையைக் கொடுத்தார்.

இக்குற்றச்சாட்டை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அதன் முதற்பாதி உண்மையென்றே கருதுகிறேன். அவருடைய மௌனத்தை அவருடைய கல்லறை ஈடுசெய்யவில்லை, ஈடுசெய்யவும் முடியாது. ஆயின் இரண்டாம் பாதி தவறு. மனச்சாட்சியின் உறுத்தலைத் தணிப்பதே நோக்கமாயின் அதற்கு மறைவான வழிகள் இருந்தன. பணியாளரிடம் பணங்கொடுத்து நறுமணப் பொருள் வாங்கி அனுப்பியிருக்கலாம். வீட்டில் இருந்து அழுதிருக்கலாம். அவரோ தம் பெயர் பதியப்படும் இடத்திற்குச் சென்றார். பிலாத்து நூற்றுவர் தலைவனை அழைத்து விசாரித்தான் எனின், கேட்டவர் இன்னார் என்பது அரண்மனையிலே பலர்க்கும் தெரிந்திருக்கும். இனி அவர் மறைவான சீடராக இருத்தல் இயலாது. இயேசு உயிரோடிருந்தபோது இதைச் செய்திருந்தால் நன்றியாவது கிடைத்திருக்கும். இப்போது நன்றிசொல்ல எவரும் இல்லை, சீடர்கள் ஓடிவிட்டனர். அவர் செய்ததனால் நடந்தது எதுவும் மாறவில்லை. தம்முடைய பழைய மௌனம் மேலும் ஒருநாள் நீள்வதை மட்டும் அவர் அன்று நிறுத்திக்கொண்டார். காலந்தாழ்ந்த துணிவினால் ஆகக்கூடியது அவ்வளவே என்றும், அது சிறிதன்று என்றும் எண்ணுகிறேன்.

இவ்வினாவை நான் நூலகத்திலே கண்டெடுக்கவில்லை. திருகோணமலை, துறைமுகத்தால் வாழும் ஊர். துறைமுகத்தினாலேயே அஞ்சிய ஊருமாகும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பாடநூல்கள் அதனைப் புகழும். அப்புகழை நாடியே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தனர். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களும் வந்தன. பின்னர் நம்மவரின் போர் வந்தது. காவலரணைக் கடந்து பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்வது ஒரு தலைமுறையின் அன்றாடமாயிற்று. 2009 இல் போர் முடிந்தபின் காவலரண்கள் பல அகன்றன, பழக்கம் அகலவில்லை. தந்தையிடமிருந்து மைந்தருக்குக் கைமாறிவரும் ஒரு மெய்யியல் எங்கள் ஊரிலே உண்டு. அதன் சூத்திரம் ஒன்றே: "எங்களுக்கேன் சோலி?"

அவ்வூரிலேதான் 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை, காந்தி சிலையருகே கடற்கரையோரம் கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலிற் சொல்லப்பட்டது. பிணவறையிலே சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்னும் செய்தியாளர் எடுத்த ஒளிப்படங்கள் பத்திரிகையில் வெளிவந்தபோது, உடல்களிலே துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை நாடு கண்டது. அம்மாதம் 24 ஆம் நாள் காலை அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். இறந்த மாணவருள் ஒருவரின் தந்தையாகிய மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் அன்றிரவு பிணவறைக்குச் சென்றார். மகன் ஓர் இயக்கத்தவன் என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டால் உடல் உடனே தரப்படும் எனத் தம்மிடம் கூறப்பட்டதாகவும், தாம் மறுத்ததாகவும் அவர் பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். மரண விசாரணையிலே அவர் சாட்சியமளித்தார். அச்சுறுத்தல் தொடரவே குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அம்மாலை கடற்கரையிலே இருந்தோர் பலர். சாட்சிசொல்ல முன்வந்தோர் மிகச் சிலர். வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 யூலை 3 ஆம் நாள் போதிய சான்றின்மையால் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டனர்.

உடலைக் கேட்டு ஒரு தந்தை நின்ற அக்காட்சியை அறிந்தபின், மாற்குவின் அந்த ஒரு சொல்லை என்னால் முன்போலப் படிக்க முடியவில்லை. கேட்பது எளிது, கேட்கும் உரிமைக்கென விதிக்கப்படும் பொய்யை மறுப்பதே அரிது என்பதை மாற்கு எழுதவில்லை. எங்கள் ஊர் எழுதிற்று. இத்துணிவு கிறித்தவரின் தனிச்சொத்து என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், நாங்கள் பெரிய வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பதினான்காம் தலத்திலே முழந்தாளிட்டு அந்த அடக்கத்தை நினைவுகூர்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கல்லறைக்கு உடல் வந்தவாறு எவ்வாறு என்று கேட்பதில்லை.

கேட்பதற்கு உடலே இல்லாதோரும் எங்கள் மறைமாவட்டத்தில் உளர். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜீன் ஹேபர்ட், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலே நெடுங்காலம் கற்பித்தவர், கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகத்து 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு இருசக்கர வண்டியிலே புறப்பட்ட அவர் வந்துசேரவில்லை. இருவரும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் அமர்ந்து கேட்கத் தொடங்கினர். திருகோணமலைத் தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்றல் என்று அந்த முதியவர் எனக்குக் கற்பித்ததை அவர்கள் ஆண்டுக்கணக்கிற் செய்தனர்.

இவர்களையெல்லாம் எடுத்துக்கூறும்போது, உயிரைப் பணயம் வைப்பதே துணிவு என்றதோர் எண்ணம் எழக்கூடும். அது நமக்கு வசதியான எண்ணம். அவ்வளவு பெரிய துணிவு நம்மிடம் எதிர்பார்க்கப்படவில்லை என்று கூறி நாம் விலகிக்கொள்ளலாமன்றோ? ஆதலின் ஒரு சிறிய செய்தியைச் சொல்கிறேன். அதே 2006 ஆம் ஆண்டிலே எங்கள் ஒழுங்கையில் ஒரு மரணவீடு. சுடப்பட்டு இறந்தவர் ஒருவரின் வீடு அது. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்க்கப்படுவதாகப் பேச்சு. நான் சிறுபிள்ளை, தாயார் சொல்லியே அறிவேன். தந்தையார் வழக்கமான சூத்திரத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அம்மம்மா மாலையில் வெள்ளைச் சேலை உடுத்து, படலையைத் திறந்து, ஒழுங்கையின் நடுவாலே நடந்து போனாராம். பின்வளவால் போகலாம் என்று தாயார் சொன்னபோது, "செத்த வீட்டுக்குக் கள்ளன் மாதிரியோ போறது?" என்று கேட்டாராம். அவர் செய்தது அவ்வளவே. தந்தையார் அன்றிரவு உணவருந்தவில்லை என்பதையும் தாயார் சொன்னார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. வீட்டிலே மூன்று பிள்ளைகள் இருந்தோம்.

இங்கே யோசேப்பின் கதையில் நாம் பெரும்பாலும் கவனியாதுவிடும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அவருக்கு முன்னரே துணிந்தோர் இருந்தனர். மகதலா மரியாவும் வேறு பெண்களும் சிலுவையைவிட்டு ஓடவில்லை. தொலைவிலே நின்று எல்லாவற்றையும் கண்டனர். அவர்களுடைய துணிவு யோசேப்பின் துணிவுக்கு மூத்தது. ஆயின் பிலாத்துவின் வாயில் அவர்களுக்குத் திறந்திருக்குமா என்பது ஐயமே. யோசேப்புக்குத் திறந்தது, அவர் செல்வர், சங்கத்தவர், பெயர் சொன்னால் உள்ளே விடப்படுபவர். அவர் பதவி காரணமாகவே இத்துணை நாள் அஞ்சினார். அதே பதவி காரணமாகவே அன்று அவரன்றி வேறெவரும் கேட்டிருக்க முடியாது. வாயில் திறக்கப்படும் நிலையில் உள்ளோர்க்கு, அது திறக்கப்படாதோரின்பொருட்டு உள்ளே சென்று கேட்கும் கடன் உண்டு என்பது இதனாற் பெறப்படும். பல்கலைக்கழகத்திலே படிப்போரும் படிப்பிப்போருமாகிய நாம் இக்கடனுக்கு வெளியே நிற்பவரல்லேம்.

நான் நின்ற இடத்தையும் சொல்லாதுவிடின் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். 1997 இல் பேராதனையிலே மாணவரொருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்ததும், அடுத்த ஆண்டிலே 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்ததும் நாமறிந்தவை. சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், ஒரு மாணவர் விடுதியிலே, எங்கள் மாவட்டத்திலிருந்து வந்த முதலாம் ஆண்டு மாணவனொருவன் என் அறைக்கு எதிரேயுள்ள நடைவழியில் நள்ளிரவு கடந்தும் முழந்தாளில் நிறுத்தப்பட்டிருந்தான். நான் மேசை விளக்கின்கீழ் ஒப்படைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. எழுந்து சென்று கதவைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் அவன் மயங்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. விசாரணையிலே என்னிடம் கேட்டபோது, அன்றிரவு நேரத்தோடு உறங்கிவிட்டேன் என்று எழுதி ஒப்பமிட்டேன். அவன் பல்கலைக்கழகத்தைவிட்டுச் சென்றுவிட்டான்.

ஒரு தவக்காலத்திலே பாவசங்கீர்த்தனஞ் செய்தேன். குருவானவர் நீண்ட அறிவுரை எதுவும் கூறவில்லை. "அந்தப் பிள்ளையிட்டைப் போனியா?" என்று மட்டும் கேட்டார். என் அறிக்கையிடல் உண்மையானதே. ஆயினும் அது நிக்கொதேமு இரவில் இயேசுவிடம் வந்தது போன்றது. அங்கே என் பெயர் பதியப்படவில்லை. பின்னர் உண்மையை எழுதிக்கொண்டு உரிய அலுவலகத்துக்குச் சென்றேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றனர். ஆயினும் கடிதத்தை வாங்கித் திகதி முத்திரை குத்தி வைத்துக்கொண்டனர். ஒன்பது மாதம் பிந்திய கடிதம் அது. அதனால் எவரும் தண்டிக்கப்படவில்லை. உணவுச்சாலையில் என்னோடு ஒரே மேசையில் இருந்தோர் சிலர் வேறு மேசைக்கு மாறினர், அவ்வளவே. தண்டனை என்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் அது முதலில் எனக்கு வலித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அவ்விடுமுறையிலே அவனுடைய வீட்டைத் தேடிச் சென்றேன். மூதூருக்கு அப்பால், குடாவின் மறுகரை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன்னர் 'பாதை'யிலேறிக் கடக்கவேண்டியிருந்த நீரை இப்போது பேருந்து சில நிமிடங்களிலே கடந்துவிடுகிறது. இன்னும் சற்று நேரம் எடுத்தால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றிற்று. அவன் முற்றத்து வேப்பமரத்தின்கீழ் இருந்து வலையின் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தான். தந்தையோடு தொழிலுக்குப் போவதாகத் தாய் சொன்னார். "தம்பி, இரீங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்" என்று அவர் உள்ளே சென்றார். வழியெல்லாம் நான் கோத்து வைத்திருந்த சொற்களில் ஒன்றேனும் அப்போது வாய்க்கு வரவில்லை.

வலையிலிருந்து கண்ணெடுக்காமலே அவன் கேட்டான்: "அண்ணா, அண்டைக்கு நீங்கள் முழிச்சுத்தானே இருந்தீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அவன் இரண்டு கண்ணிகளை முடிந்து நூலை அறுத்தான். பின்னர், "எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழாலை வெளிச்சம் தெரிஞ்சது" என்றான்.